கர்ப்பப்பை ஆபரேஷனும் ஓய்வின் வரலாறும்: "எழுந்து நடங்க" என்றால் "வேலைக்குப் போங்க" என்று அர்த்தமில்லை

1.
கர்ப்பப்பை அகற்றும் ஆபரேஷன் முடிந்து ஓபிக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் கேள்வி கேட்பதில்லை. கூட வந்தவங்கதான் கேட்பாங்க.

"இருபது நாள் ஆச்சு டாக்டர், இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பா?"

இது ஒரு வகை. இன்னொரு வகை வீட்டில் இதற்கு நேர் எதிர். கட்டிலை விட்டு இறங்க விடமாட்டாங்க. தண்ணியைக்கூட அளந்துதான் கொடுப்பாங்க. "பச்சை உடம்பு டாக்டர்"ம்பாங்க.

இரண்டு வீட்டிலும் அன்பு இருக்கு. இரண்டிலும் அந்தப் பெண்ணுக்கு ஆபத்தும் இருக்கு. இந்தக் குழப்பம் முத்துப்பேட்டையில் தோன்றியதல்ல. இருநூறு வருடமாக டாக்டர்களே இதில் குழம்பித்தான் வந்திருக்காங்க. அந்தக் கதையைச் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

2.
முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திடறேன். நான் எம்பிபிஎஸ் மருத்துவர். இந்த ஆபரேஷனைச் செய்பவர்கள் மகப்பேறு மற்றும் மகளிர் நோய் நிபுணர்கள். ஆபரேஷன் திருவாரூரிலோ தஞ்சாவூரிலோ நடந்தாலும், தையல் பார்க்க, காய்ச்சல் காட்ட, "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்ல அவங்க வருவது உள்ளூர் அரசு மருத்துவமனைக்குத்தான். டிஸ்சார்ஜுக்குப் பிறகு நடப்பதைப் பார்ப்பது எங்களைப் போன்றவர்கள். அந்த இடத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

3.
1809, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். ஜேன் கிராஃபோர்ட் என்ற பெண்ணின் வயிறு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. கர்ப்பம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர் வந்து பார்த்து, இது சினைப்பைக் கட்டி என்றார். ஆபரேஷனுக்காக அந்த அம்மா சுமார் 60 மைல் குதிரையிலேயே பயணம் செய்து அவர் ஊருக்குப் போனார்.

மயக்க மருந்து கிடையாது. அது வர இன்னும் 37 வருடம் இருந்தது. சுமார் 25 நிமிடத்தில் பத்து கிலோவுக்கும் அதிகமான கட்டியை எடுத்தார் மெக்டவல். ஐந்தாம் நாள் பார்க்கப் போனால், அந்த அம்மா எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தார்! டாக்டர் கண்டித்தாராம். 25 நாளில் வீடு திரும்பி, அதற்குப் பிறகும் 30 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

4.
கவனிச்சீங்களா? வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன்களில் பெரிய அளவில் பதிவான முதல் வெற்றிக் கதையே, நோயாளி டாக்டர் பேச்சை மீறி எழுந்து நடந்த கதை. அதோடு இன்னொன்றும் இருக்கு. அவர் எழுந்தது தன் படுக்கையைச் சரிசெய்ய. ஊருக்குத் திரும்ப 25 நாள் எடுத்துக்கொண்டார். இந்த இரண்டையும் நினைவில் வைங்க. பின்னால் தேவைப்படும்.

5.
அது சினைப்பை. கர்ப்பப்பைக்கு வருவோம்.

1813-இல் ஜெர்மனியில் கான்ராட் லாங்கன்பெக் என்ற அறுவை நிபுணர், பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பையை அகற்றினார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். ஆனால் கூட இருந்த டாக்டர்கள் நம்பவே இல்லை. "கர்ப்பப்பையை எடுத்த பிறகும் ஒருத்தி நடமாடுறாளா?" என்றுதான் கேட்டார்கள். 26 வருடம் கழித்து அந்தப் பெண் இறந்தபோது உடற்கூறாய்வு செய்து பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

தன் உடம்பில் என்ன நடந்தது என்பதை மற்றவர்கள் நம்ப, ஒரு பெண் செத்துப்போக வேண்டியிருந்தது. நம் ஊரில் "வெளியே பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

6.
வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுப்பது இதைவிடக் கொடூரமாகத் தொடங்கியது. 1853-இல் அமெரிக்காவின் வால்டர் பர்ன்ஹாம் செய்த ஆபரேஷனில்தான் முதன்முதலாக ஒரு பெண் உயிர் பிழைத்தார். அடுத்த சில வருடங்களில் அவர் செய்த 15 ஆபரேஷன்களில் பிழைத்தவர்கள் 3 பேர்தான். ரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் மற்றவர்களைக் கொண்டுபோயின.

1846-இல் ஈதர் மயக்கம், 1867-இல் லிஸ்டரின் கிருமிநாசினி முறை, பிறகு ரத்தம் ஏற்றுதல், ஆன்டிபயாட்டிக். இப்படி ஒவ்வொன்றாக வந்த பிறகுதான் இது பாதுகாப்பான ஆபரேஷன் ஆனது.

7.
நம் மாநிலத்துக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1875-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தபோது முதல் நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப். ஆண் டாக்டரிடம் காட்ட மறுத்து வீட்டுக்குள்ளேயே இறந்துகொண்டிருந்த கோஷா பெண்களுக்காகப் படித்தவர். 1885-இல் அவர் முயற்சியில் தொடங்கியதுதான் இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பிறகு லண்டன் போய், பெண்களுக்கான வயிற்று அறுவை சிகிச்சையில் பெயர் பெற்றார்.

வைத்தியம் இருந்தும் அதை வாங்கிக்கொள்ள வீட்டின் அனுமதி இல்லை என்பதுதான் அன்றைய பிரச்சினை. இன்று ஆபரேஷனுக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. ஓய்வுக்குத்தான் கிடைப்பதில்லை.

8.
இப்போது ஓய்வின் கதை.

19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் டாக்டர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியது: அசையாமல் படுத்தால்தான் புண் ஆறும். 1870-களில் அமெரிக்காவின் வெயர் மிட்சல், பெண்களுக்கென்றே "ஓய்வு சிகிச்சை" என ஒன்றைப் பிரபலப்படுத்தினார். வாரக்கணக்கில் படுக்கை. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, யாரையும் பார்க்கக்கூடாது. அந்தச் சிகிச்சையை அனுபவித்த எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், அது தன்னைக் கிட்டத்தட்டப் பைத்தியமாக்கியதை வைத்து 1892-இல் ஒரு சிறுகதையே எழுதினார்.

இந்த ஓய்வு யாருக்குக் கிடைத்தது? வசதியான வீட்டுப் பெண்களுக்கு. அவர்கள் வீட்டில் துணி துவைத்த பெண்ணுக்கு யாரும் ஓய்வு சிகிச்சை எழுதிக் கொடுக்கவில்லை.

9.
ஆபரேஷன் வார்டுகளிலும் அதேதான். வயிற்றைத் திறந்தால் இரண்டு, மூன்று வாரம் படுக்கை என்பது 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி வரை சாதாரணம். விளைவு? கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து, "நல்லாத்தான் இருந்தாங்க, திடீர்னு போயிட்டாங்க" என்ற மரணங்கள். கூடவே நிமோனியா, மலச்சிக்கல், கரைந்துபோன தசை.

1899-இல் சிகாகோவின் எமில் ரீஸ் என்ற மகளிர் நோய் நிபுணர், தன் நோயாளிகளை ஓரிரு நாளிலேயே எழுப்பி நடக்க வைப்பதாக எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுமார் 40 வருடம் அப்படியே கிடந்தது.

10.
மாற்றியது போர். இரண்டாம் உலகப்போரில் கட்டில் பற்றாக்குறை, நர்ஸ் பற்றாக்குறை. சீக்கிரம் எழுப்பி அனுப்ப வேண்டிய நிலை. எழுந்தவர்கள் நன்றாகவே தேறினார்கள். டெட்ராய்ட்டைச் சேர்ந்த டேனியல் லைதாவ்சர் 1946-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். 1947-இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கையின் ஆபத்துகளைப் பட்டியலிட்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது.

1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் இதை ஒரு முறையாகவே வகுத்தார். நல்ல வலி நிவாரணம், சீக்கிரமே சாப்பாடு, சீக்கிரமே நடை. இன்று உலகம் முழுக்க இதுதான் வழி. ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ நர்ஸ் உங்களை எழுப்பி நடக்கச் சொல்வது இரக்கமில்லாமல் அல்ல. அந்த நடைக்குப் பின்னால் இத்தனை மரணங்களின் பாடம் இருக்கு.

11.
சரி, அப்போ சீக்கிரம் எழுந்தால் சீக்கிரம் குணம்தானே? இங்கேதான் தப்பு நடக்குது.

மருத்துவம் சொன்னது: "சீக்கிரம் எழுந்து நடங்க."
வீடு கேட்டது: "சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம்."

உடம்பில் இரண்டு கடிகாரம் ஓடுது. ஒன்று நடைக் கடிகாரம், அது முதல் நாளே ஓடத் தொடங்கணும். இன்னொன்று சுமைக் கடிகாரம், அது வாரக்கணக்கில் மெதுவாகத்தான் ஓடும். டிஸ்சார்ஜ் தேதி முதல் கடிகாரத்தில் வரும் ஒரு மணி. அதை ஊரே இரண்டாவது கடிகாரத்தில் வைத்துப் பார்க்குது. படுக்கையைச் சரிசெய்யலாம், ஊர்ப் பயணத்துக்கு 25 நாள் ஆகும். ஜேன் கிராஃபோர்டின் உடம்பு 1809-இலேயே சொன்ன கணக்கு அது.

12.
சுமைக் கடிகாரம் ஏன் மெதுவாக ஓடுது?

தோல் 7–10 நாளில் ஒட்டிவிடும், தையல் பிரித்துவிடுவோம். ஆனால் வெட்டி ஒட்டிய இடத்தின் பலம், அறுவை சிகிச்சைப் பாடநூல் கணக்குப்படி, 3 வாரத்தில் பழைய பலத்தில் சுமார் 20 சதவீதம்தான். 3 மாதத்தில் சுமார் 80 சதவீதம். தோலுக்கு அடியில் தசையை மூடியிருக்கும் உறையும் இதுபோல மெதுவாகத்தான் தேறும். அது பிடித்துக்கொள்ளும் முன் கனம் தூக்கினால் குடலிறக்கம் வரலாம். கர்ப்பப்பை இருந்த இடத்தில், பிறப்புறுப்பின் மேல்முனையில் ஒரு தையல் இருக்கு. அது யார் கண்ணுக்கும் தெரியாது.

"20 நாள் ஆச்சே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். 20 நாளில் வெளித்தோல் முடிந்திருக்கும். உள்வேலை பாதிகூட முடியவில்லை.

13.
லேப்ராஸ்கோப்பி வந்த பிறகு இந்தக் குழப்பம் கூடிவிட்டது. 1988-இல் அமெரிக்காவின் ஹாரி ரைக் முதன்முதலாக அந்த முறையில் கர்ப்பப்பையை அகற்றினார். நல்ல முன்னேற்றம்தான். வலி குறைவு, வீடு திரும்புவது சீக்கிரம். ஆனால் வயிற்றில் தெரிவது பொட்டளவு மூன்று நான்கு தழும்பு. "இவ்ளோதானா? இதுக்கா படுத்திருக்கே?" என்ற பேச்சு அங்கிருந்து வருது. உள்ளே எடுத்தது அதே கர்ப்பப்பை. உள்ளே போட்ட தையலும் அதே தையல்தான்.

14.
நம் பண்பாட்டில் ஓய்வுக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். பிரசவத்துக்கு 40 நாள் என்று எல்லா மதத்து வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கு. சட்டமும் வந்தது, 1961-இன் மகப்பேறு நலச் சட்டம். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலேயே உதவித்தொகை இருக்கு. அதே 1961 சட்டத்தில் கருச்சிதைவுக்கு 6 வாரம் விடுப்பு, பின்னர் சேர்த்த திருத்தத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு 2 வாரம் என்று இருந்தது. கர்ப்பப்பையையே எடுத்தால்? அந்தச் சட்டத்தில் தனி வரி இருக்கவில்லை. கேரளத்தில் அரசுப் பெண் ஊழியர்களுக்கு இதற்கென்றே 45 நாள் விடுப்பு உண்டு. நடவுக்குப் போகும் அக்காவுக்கு யார் விடுப்பு தருவது?

பிரசவத்தில் காட்டுவதற்கு ஒரு குழந்தை இருக்கு. பார்க்க வருபவர்கள் தாயையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள். இந்த ஆபரேஷனில் காட்ட ஒன்றும் இல்லை. பல பேர் வெளியே சொல்வதுகூட இல்லை, "வயித்துல சின்ன ஆபரேஷன்" என்று முடிச்சுடுவாங்க. சொல்லாத ஆபரேஷனுக்கு யார் ஓய்வு கொடுப்பாங்க?

15.
ஓய்வு மறுக்கப்பட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சாட்சி இருக்கு. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம். அங்கிருந்து கணவன் மனைவியாக ஜோடி ஜோடியாகக் கரும்பு வெட்டப் போவார்கள். ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். ஒரு நாள் வராவிட்டால் அபராதம். மாதவிலக்கும் வெள்ளைப்படுதலும் வயிற்று வலியும் அந்தக் கணக்கில் "நஷ்டம்". எனவே கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது அங்கே ஒரு வழியாகிப்போனது.

2019-இல் செய்தி வெளியே வந்து, மாநில அரசு குழு அமைத்தது. 82,000-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களிடம் விசாரித்ததில் 13,800-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பை அகற்றியவர்கள். ஓய்வுக்கு நேரமில்லை என்பதற்காக ஆபரேஷன், அந்த ஆபரேஷனுக்குப் பிறகும் ஓய்வில்லாமல் மீண்டும் கரும்புக்காடு.

ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையில்லாமல் செய்த ஆபரேஷன்கள் பற்றிய வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

16.
இதை வாசித்துவிட்டு யாரும் தேவையான ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க. புற்றுநோய், மருந்துக்கு அடங்காத ரத்தப்போக்கு, பெரிய நார்த்திசுக்கட்டி, அடி இறக்கம் — இவற்றுக்கு இது உயிரையும் வாழ்க்கையையும் மீட்டுத் தரும் ஆபரேஷன். "மாத்திரையிலோ வேறு வழியிலோ முடியாதா? சினைப்பையை விட்டுவிட முடியுமா?" என்று முன்கூட்டியே கேளுங்க. சினைப்பைகளையும் எடுத்தால் மாதவிடாய் நிற்றல் ஒரே நாளில் வந்துவிடும். திடீர் வெப்பம், வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். அது திமிர் இல்லை, ஹார்மோன் குறைவு.

17.
இனி நம் ஊர்க் கணக்கு. பொதுவான வழிகாட்டிதான். உங்க டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதே சரி.

முதல் வாரம்: வீட்டுக்குள் நடை, தானாகக் குளிப்பது, மாடிப்படி மெதுவாக. இருமும்போது தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளுங்க. தண்ணி தாராளமா குடிங்க. முட்டை, மீன், கீரை, பருப்பு எல்லாம் சாப்பிடலாம். "பச்சை உடம்பு" என்று பட்டினி போட்டால் புண் ஆற எதை வைத்து ஆறும்?

2–3 வாரம்: தெருமுனை வரை நடை, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி. உட்கார்ந்தபடி காய் நறுக்கலாம். தரையில் உட்கார்ந்து எழச் சிரமமாக இருந்தால் தொழுகையோ பூஜையோ நாற்காலியில் உட்கார்ந்தே செய்யுங்க.

4–6 வாரம்: சின்னச் சமையல், இடையில் உட்கார்ந்து உட்கார்ந்து. குடம் வேண்டாம். ஒரு குடம் தண்ணி 12–15 கிலோ. நிரம்பிய கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. ரேஷன் அரிசி மூட்டையும் வேண்டாம், இடுப்பில் பேரப்பிள்ளையும் வேண்டாம். தாம்பத்தியம் குறைந்தது 6 வாரம் கழித்து, பரிசோதனைக்குப் பிறகுதான்.

6–8 வாரத்துக்குப் பிறகு: வீட்டு வேலை, உட்கார்ந்து பார்க்கும் வேலை படிப்படியாக. லேப்ராஸ்கோப்பி என்றால் கொஞ்சம் முன்னதாகவே முடியலாம். நாள் முழுக்கக் குனிந்து நடவு, களை, கதிர் அறுப்பு, மூட்டை சுமப்பது என்றால் டாக்டரிடம் உங்க வேலை என்ன என்பதைச் சொல்லி, பெரும்பாலும் 3 மாதம். அடி இறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்கணும். பாரம் தூக்கினால் மறுபடி இறங்கும்.

அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால், மேட்டூர் திறப்பையும் நடவு நாளையும் பார்த்துத் தேதி கேளுங்க. டாக்டர் கோவிச்சுக்கமாட்டார்.

18.
அசதி பற்றித் தனியாகச் சொல்லணும். வலி போன பிறகும் அசதி வாரக்கணக்கில் இருக்கும். ஒரு நாள் நன்றாக இருந்து, "ஆஹா சரியாப்போச்சு" என்று வீட்டையே கழுவிவிட்டு, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பது ரொம்ப சகஜம். நல்ல நாளில் முடிவதில் பாதியைச் செய்யுங்க. ரத்தப்போக்கால் ஏற்கனவே சோகை இருந்தவங்க இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீங்க.

அழுகை வரலாம். குழந்தை பெற்று முடித்தவங்களுக்கும் வரும். "இனிமே அது எதுக்கு உனக்கு" என்று சொல்லாதீங்க.

19.
வீட்டில் இருப்பவர்களிடம் எப்படிச் சொல்வது?

நாள் கேட்டால் நாள் சொல்லாதீங்க, வேலையைச் சொல்லுங்க. "ஒரு மாசத்துல சரியாயிடும்" என்றால் 31-ஆம் நாள் குடம் கையில் வரும். அதற்குப் பதிலாக, "நடக்கலாம்னு சொல்லியிருக்காங்க. ஆறு வாரம் வரைக்கும் தூக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்க.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து அனுப்புங்க. இங்கே சபுராளி வீடுகள் அதிகம். போனில் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிறகு மாமியாரிடம் தனியாகப் போராடும் பெண்கள் நிறைய. அவர் அங்கிருந்து ஒரு போன் போட்டு "தண்ணி எடுக்க ஆள் வைங்க" என்று சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

மாமியாரையும் வில்லி ஆக்காதீங்க. அவங்க காலத்தில் இதே அடி இறக்கத்தோடு வயலில் நின்றவங்க அவங்க. அவங்களுக்கு யாரும் ஓய்வு தரவில்லை. அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க, நாங்க பேசறோம்.

20.
வாரக்கணக்கெல்லாம் ஓரம். கீழே உள்ளது எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி:

காய்ச்சல், குளிர் நடுக்கம்.
நாப்கின் நனையும் அளவு ரத்தம், நாற்றமடிக்கும் வெள்ளை.
தையல் விரிதல், சீழ்.
ஒரு காலில் மட்டும் வீக்கம் அல்லது கெண்டைக்கால் வலி.
திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி — 108-ஐ அழைங்க.
அறியாமலே சிறுநீர் கசிவு, அல்லது சிறுநீர் வராமல் போவது.
நிற்காத வாந்தி, வயிறு உப்புசம்.

"ஆபரேஷன் பண்ணினா அப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீங்க.

21.
டிஸ்சார்ஜ் அன்று நான்கு கேள்வி மறக்காம கேளுங்க. என்னென்ன எடுத்தீங்க, சினைப்பை இருக்கா? எத்தனை வாரம் தூக்கக்கூடாது? என் வேலைக்கு எப்போ போகலாம்? பயாப்சி ரிப்போர்ட் எப்போ வரும், யாரிடம் காட்டணும்?

பதிலைச் சம்மரியின் பின்பக்கத்தில் எழுதி வாங்கி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவைங்க. வாய்ப்பேச்சைவிட ஆஸ்பத்திரி முத்திரை போட்ட காகிதத்துக்கு நம் வீடுகளில் மரியாதை அதிகம். அந்த மரியாதையை உங்களுக்காகப் பயன்படுத்திக்கோங்க.

உங்க வீட்டில் இந்த ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கும் அக்காவோ அம்மாவோ இருந்தால் இதை அவங்களுக்கு மட்டும் அனுப்பாதீங்க. அவங்க வீட்டு ஆண்களுக்கும் அனுப்புங்க. சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்க, ஓபி முடிந்ததும் பதில் போடறேன்.


முத்துப்பேட்டையிலிருந்து ஒரு அரசு மருத்துவர்